நடுவெயிலில் ஓடியவள்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. மலாயாவில், காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் ஒரு காலத்தில் அந்தப் பெயரை ஆளுக்கு ஒரு வாய் மென்றிருக்கிறார்கள். மிச்சத்தை நான் அச்சில் ஏற்ற வேண்டாம். எனக்கு அவள் அக்கா. சொந்த அக்கா இல்லை, பக்கத்து வீடு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் படித்த அதே பெண்கள் பள்ளியில் எனக்கு முன்னால் படித்துவிட்டுப் போனவள்.

அவளை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவள் நாக்கு. பேச்சைச் சொல்லவில்லை. நாக்கைத்தான் சொல்கிறேன். ஓடிவிட்டு வந்து பொதுக்கிணற்றடியில் நிற்பாள். இடுப்பில் ஒரு கை. இன்னொரு கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே வழிகிற வேர்வையை ஒரு நக்கு நக்குவாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள், குழம்பு ருசி பார்க்கிறவள்போல.

"என்னாக்கா பண்ற?"

"உப்பு பாக்கறேன்."

"பாத்து?"

"இன்னும் கரிக்குது. இன்னும் பழகல."

பின்வீட்டில் சிட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன தமிழர்கள். நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு முழுக்க மலாய். அந்த வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்து, "கீலா" என்று சிரிப்பாள். பைத்தியம் என்று அர்த்தம். அக்காவும் சிரிப்பாள். ஆனால் கையை இறக்கமாட்டாள்.

அவளிடம் ஒரே நீலச் சட்டைதான் இருந்தது ஓடுவதற்கு. முதல் வாரங்களில் அது காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படியும். "மலாயா படம் மாதிரி இருக்கு அக்கா" என்றேன். "சிங்கப்பூர் எங்கடி இருக்கு?" என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள். "சியோனான்னு சொல்லு. எவன் காதுலயாச்சும் விழுந்தா உன்னயும் என்னயும் சேத்துத்தான் புடிச்சிட்டுப் போவான்" என்றேன். ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு அந்தப் பெயரைத்தான் அப்போது வைத்திருந்தான்.

பிறகு ஒரு நாள் அந்தச் சட்டை காய்ந்தது, கோடு விழவில்லை. வேர்வை குறையவில்லை, முன்னைவிட அதிகமாகத்தான் கொட்டியது. கையை நக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கரிக்கலடி. உடம்பு கஞ்சனாயிடுச்சு. தண்ணிய மட்டும் வெளிய விடுது, உப்ப உள்ள புடிச்சி வச்சிக்குது."

நான் இப்போது செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பியைப் பற்றி வகுப்பில் டாக்டர் சொன்னார். பல நாள் வெயிலில் உழைத்தால் அது இரத்தத்தில் ஒன்றைச் சுரந்து அனுப்புமாம். அது போய்ச் சேர்ந்ததும் வேர்வையோடு போகும் உப்பு குறையுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா முனிசிபாலிட்டியில் சாலை போடுகிறவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பார். அவர் மகள் இன்று வெள்ளை உடுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து சுரப்பிகளின் படத்தைப் பார்க்கிறாள். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் உடம்பைப் பற்றிப் புத்தகம் சொல்வதை நான் நம்புவதற்கு முன்னால், உடம்பு சொல்வதை மட்டுமே நம்பிய ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டும்.

அவள் ஏன் ஓடினாள் என்றால், அரிசிக்காக.

அக்காவுக்கு அப்பா இல்லை. தாயும் மகளும் தாய்மாமன் வீட்டில் இருந்தார்கள். மாமா கெட்டவர் இல்லை. பயந்தவர். ரேஷன் அரிசி நாளுக்கு நாள் சுருங்கி, எல்லார் தட்டிலும் மரவள்ளிக்கிழங்கு ஏறிக்கொண்டிருந்த காலம். கலியாணம் ஆகாத பெண் இருக்கிற வீட்டில், தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மாமா ஒரு மாப்பிள்ளை பார்த்தார். பண்டார் ஹிலிரில் மளிகைக் கடை வைத்திருந்தவர், முதல் மனைவி இறந்துபோனவர், மாமாவைவிட இரண்டு வயதுதான் இளையவர்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஜப்பானியர் விழாவில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம். ஊர்த் திடலான பாடாங்கில் தொடங்கி, கடற்கரைச் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். முதலாவதாக வருகிறவளுக்குப் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் வேலை. காலையில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் கையைத் தூக்கு, குனி, குதி என்று செய்யவைப்பார்களே, 'தைசோ', அதை முன்னால் நின்று நடத்துகிற வேலை. சம்பளத்தோடு அரிசியும் தருவார்கள்.

அக்கா அன்றைக்கே மாமாவிடம் பேசினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பலகைச் சுவர், எல்லாம் கேட்கும்.

"மாமா, பந்தயம் முடியறவரைக்கும் மாப்பிள்ள வீட்டுக்கு வார்த்த குடுக்காதீங்க. ஜெயிச்சா நானும் அம்மாவும் எங்க சோத்த நாங்க பாத்துக்கறோம். தோத்தா நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டறேன்."

"பொட்டப்புள்ள ரோட்டுல ஓடறதா?"

"ஜப்பான்காரனே ஓடச் சொல்றான் மாமா. ஓடாட்டி வேணும்னா தப்பு."

மாமா ரொம்ப நேரம் இருமினார். பிறகு சரி என்றார்.

பந்தயம் இரண்டு மணிக்கு. அதுதான் சங்கதி. ஜப்பான்காரன் கடிகாரத்தை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டிருந்தான். அவன் இரண்டு மணி என்றால் நம் சூரியன் சரியாக உச்சந்தலையில் நிற்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததற்காக யாரும் வெயிலில் போய் நிற்கவில்லை. பெயர் கொடுத்த பெண்கள் எல்லாரும் விடியற்காலைக் குளிர்ச்சியில் ஓடிப் பழகினார்கள். அக்கா மட்டும் நிழல் தன் காலடிக்குள் சுருங்கும்வரை காத்திருந்து கிளம்புவாள்.

"காலையில ஓடினா காலுக்குத்தான் பழக்கம் வரும். எனக்கு மத்ததுக்கெல்லாம் வரணும்" என்பாள்.

நானும் பெயர் கொடுத்திருந்தேன். எனக்கு வேலை வேண்டியிருக்கவில்லை, வயதும் போதாது. அவளோடு ஓட வேண்டும், அவ்வளவுதான். பெயர் கொடுத்தவர்களுக்குப் பள்ளியில் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை தந்திருந்தார்கள். அதைப் பார்த்தால் காவலுக்கு நிற்கும் சிப்பாய் விட்டுவிடுவான். ஆனால் அவன் முன்னால் நின்று இடுப்பு வளையக் குனிந்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். எனக்கு அதில் உடம்பெல்லாம் எரியும். அக்கா ஒழுங்காகக் குனிவாள். நிதானமாக நிமிர்வாள்.

"எப்படிக்கா இவ்ளோ பொறுமையா குனியற?"

"குனியறப்போ நாலு மூச்சு இழுத்துக்குவேன். அவன் நெனைக்கிறான் மரியாதன்னு. எனக்கு ரெஸ்ட்டு."

முதல் வாரத்தில் ஒருநாள் அவள் விழுந்தாள். ஓடிக்கொண்டிருந்தவள் கையைப் பார்த்தாள். ரோமம் எல்லாம் குத்திட்டு நின்றது. அந்த வெயிலில் அவளுக்குக் குளிர் எடுத்தது. வேர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்துகிடந்தது. இரண்டு எட்டு வைத்து, அப்படியே தூங்குமூஞ்சி மரத்தடியில் சாய்ந்துவிட்டாள். அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, என் பாவாடையால் விசிறினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவள், "இனிமே வெயில்ல குளிர் எடுத்தா நிறுத்திடணும். நீயும் ஞாபகம் வச்சிக்க" என்றாள். மறுநாள் அதே நேரத்துக்குக் கிளம்பினாள். பாதித் தூரம் மட்டும் ஓடினாள். அதற்கு மறுநாள் கொஞ்சம் கூட்டினாள். அவளுக்கு வீராப்பு கிடையாது. உடம்பு எதுவரை விடுகிறதோ அதுவரை. ஆனால் தினமும் போய்க் கேட்பாள்.

வாரங்கள் போகப் போக அவள் மாறினாள். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகத் தெரிந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. தூக்கம் இல்லை. காலெல்லாம் அசதி, கண் மட்டும் விழித்துக்கொண்டே இருக்கிறது என்றாள். மரவள்ளியும் கங்கோங் கீரையும் தின்றுவிட்டு அவ்வளவு ஓடினால் வேறென்ன ஆகும்? எனக்கே சில நாள் அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. அவளுக்குத் தூரம் நின்றுபோனது.

எங்கள் வரிசையில் இது ரகசியமாக இருக்க முடியாது. மாதாமாதம் மூன்று நாள் பெண்கள் பின்கட்டில் ஒதுங்கி உட்காருவார்கள். தனிப் பாய், தனித் தட்டு, தனிக் குவளை. அலசிய துணியைக் காயப்போடக் குளிக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் தனிக் கம்பி உண்டு. சாக்கு கட்டி மறைத்திருக்கும். ஆனால் யார் துணி எப்போது தொங்கியது என்று கிணற்றுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி ஒரு மாதம் ஒதுங்காவிட்டால் 'பலவீனம்' என்பார்கள். அடுத்த மாதமும் ஒதுங்காவிட்டால் வயிற்றைப் பார்ப்பார்கள். கலியாணம் ஆகாதவளாக இருந்தால் முகத்தையும் பார்ப்பார்கள். அக்காவோ தினமும் நடுப்பகலில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், வெளியே போய்விட்டு வருகிறவள். சிப்பாய் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் விடுகிறான். போதாதா?

மாமா மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஓடப் போறாளா, வேற எங்கயாச்சும் போறாளா, யார் கண்டா?" என்று கிணற்றடியில் வாளியைப் பார்த்துச் சொன்னாள். வாளி மற்றவர்களிடம் சொல்லிவிட்டது.

அக்காவின் அம்மா அழுதாள். என் எதிரில்தான் கேட்டாள்.

"உண்மையச் சொல்லுடி. ஏன் வரல?"

"தெரியலம்மா. சோறு பத்தல, ஓட்டம் ஜாஸ்தி. அரிசி இல்லாத கடைய எதுக்குத் தொறந்து வச்சிருக்கணும்? மூடியிருக்கு. அரிசி வந்தா தொறக்கும்."

"வெளையாடாத."

"வெளையாடல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. தீனி குறைந்து உழைப்பு கூடும்போது அது சினைப்பைக்கு அனுப்புகிற சேதியை நிறுத்திக்கொள்ளும். நான் இதைப் பின்னாளில் படித்தேன். படித்ததும் இரண்டு எண்ணம் ஒன்றாக வந்தன. அவள் சொன்னது சரி. அவள் அம்மா பயந்ததும் சரி. உடம்பு கடையை மூடுவது விளையாட்டு இல்லை, மூடிய கடை எல்லாமே உடனே திறந்துவிடுவதும் இல்லை. அது அக்காவுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். வேர்வையைச் சோதித்தவள், இதைப் பற்றி மட்டும் அம்மாவுக்குப் பதில் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலையில் கொட்டகைக் கம்பியில் ஈரத்துணி தொங்கியது. மடித்துக் கிழித்த பழைய சேலைத் துணிகள், அக்கா வீட்டுச் சேலை. பின்கட்டில் பாய் விரித்திருந்தது. தட்டும் குவளையும் பக்கத்தில். அவள் அம்மா விடிவதற்கு முன்னால் எழுந்து, நல்ல துணியை நனைத்துக் கசக்கித் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் கம்பியைப் பார்த்தார்கள். ஒருத்தி முகம் தெளிந்தது. "நான் சொல்லல?" என்றாள் இன்னொருத்தி, தான் எதுவும் சொல்லாதவள்போல.

அக்கா பல் விளக்கிக்கொண்டே வந்தாள். கம்பியைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒவ்வொரு துணியாக எடுத்து, உதறி, நாலாக மடித்தாள். அவசரப்படவில்லை.

"என்னாடி பண்ற, பாவி" என்றாள் அம்மா.

"எனக்கு வரலம்மா. வந்த மாதிரி எதுக்குத் தொங்கணும்?"

"மூணு நாள் உக்காந்து எந்திரி. அவ்ளோதான். எல்லா வாயும் மூடிக்கும்."

"மூணு நாள் உக்காந்தா பழகின வெயில் போயிடும்." பிறகு கிணற்றடியைப் பார்த்துத் திரும்பினாள். "வயித்தப் பாக்கறவங்க பாத்துக்கிட்டே இருங்க. நான் ஒளியல. நடு ரோட்டுலதான் ஓடறேன்."

துணியைக் கொண்டுபோய் அவள் அம்மா கையில் கொடுத்தாள்.

அன்று மாலை மாமா கத்தினார். ஓட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் அதுவும் போச்சு என்றார். அக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "பந்தயம் வரைக்கும்னு நீங்க வார்த்த குடுத்தீங்க மாமா." மாமா கொடுத்த வார்த்தையை மீற முடியாத மனிதர். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து.

எங்கள் வீட்டில் என் அம்மா என் துணிப்பட்டையை எடுத்து ஒளித்துவைத்தாள். "அவகூட சேராத. படிச்ச புள்ள நீ. உன் பேரு கெட்டா அப்பா தாங்கமாட்டாரு." நான் கொல்லைப்புறத்தில், வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில், நடுவெயிலில் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். கோழிகள் பயந்துபோய் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று அம்மா புலம்பினாள்.

பந்தயத்தன்று பள்ளி ஆசிரியை பட்டியலில் என் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டு அனுப்பியதால் அம்மாவால் என்னைத் தடுக்க முடியவில்லை.

பாடாங்கில் புல் கருகிக் கிடந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்றே இல்லை. பண்டார் ஹிலிர்ப் பெண்கள் சிலர் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள், காடு வெட்டி மரவள்ளி நடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள், கறுத்த கால்கள், சதையே இல்லை. விசில் ஊதியதும் எல்லாரும் பாய்ந்தோம். அக்கா பாயவில்லை. கடைசிக்கு முந்தியவளாகப் போனாள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ, "வயித்துல பாரமோ?" என்றான். தமிழில்தான் சொன்னான்.

நான் முதலில் நன்றாகத்தான் ஓடினேன். கடற்கரைச் சாலையில் தார் உருகிக் காலில் ஒட்டியது. அங்கேதான் அக்கா நிதானமாக என்னைத் தாண்டிப்போனாள். வெள்ளைத் தொப்பிக்காரிகளில் ஒருத்தி சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி நடந்தாள். திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கையில் ரோமம் நின்றது. குளிர் எடுத்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் நிறுத்தினேன். நிழல் தேடி நின்று, பிறகு நடக்க ஆரம்பித்தேன். அப்படி நடக்கும்போதுதான் எதிரே அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்தேன்.

அக்காவும் புக்கிட் ரம்பாய்க்காரியும் மட்டும். தோளுக்குத் தோள். இருவர் உடம்பும் எண்ணெய் பூசியதுபோல மின்னியது. வேர்வை ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா முகத்தில் வலி இருந்தது, தவிப்பு இல்லை. என்னைத் தாண்டும்போது, "நட, நிக்காத" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே.

நான் நடந்தே வந்து சேர்ந்தபோது முடிவு சொல்லியாகிவிட்டது. அக்கா ஒரு கை அகலத்தில் ஜெயித்திருந்தாள். வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டாவதாக வந்தவளிடம், "எங்க பழகின நீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க பழகினேன்? வேல செய்றேன்" என்றாள் அந்தப் பெண். "வெயில் எனக்குப் புதுசா?"

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கடைசிக்கு முந்திய இடம். அதையும் பெருமையாகவே சொல்கிறேன். பலர் வந்தே சேரவில்லை.

மாமா வார்த்தை காப்பாற்றினார். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அக்காவும் அம்மாவும் வரிசையின் கோடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டார்கள். மாதம் பிறந்ததும் அரிசி வந்தது. காலையில் எங்கள் பள்ளித் திடலில் அக்கா முன்னால் நின்று கையைத் தூக்க, நாங்கள் வரிசை வரிசையாகக் கையைத் தூக்கினோம். அவளை 'சென்சே' என்றுதான் கூப்பிட வேண்டும், ஜப்பானிய மொழியில் ஆசிரியர் என்று அர்த்தம். நடுவெயில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். கன்னம் மெல்ல நிறைந்தது. மாதங்கள் போயின. வயிறு ஒட்டினபடியே இருந்தது. பார்க்கச் சொன்னவள் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு இப்போது ஒரு சங்கடம். விட்ட பேச்சைத் திருப்பி வாங்க வழி தெரியவில்லை.

கடைசியில் மாமா மனைவி ஒரு தட்டில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் எடுத்துக்கொண்டு அக்கா அறைக்குப் போனாள். கூட நான்கைந்து பெண்கள், என் அம்மாவும் உண்டு. அக்கா பள்ளிக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். அழைத்துப்போக வந்திருந்த நான் பக்கத்தில்.

"கண்ணு, வந்துடுச்சில்ல? ஒரு வார்த்த சொல்லிடு. எங்க வாயாலேயே நாங்க எல்லாத்தையும் சரி பண்ணிடறோம்."

"என்னாத்த சரி பண்ணணும் அத்த?"

"உன் பேரத்தான்."

"என் பேரு சரியாத்தான் இருக்கு. காலையில புள்ளைங்க கூப்புடுதே, சென்சேன்னு. கெட்டது வேற எங்கயோ. அங்க பாத்து சரி பண்ணுங்க."

"சொன்னா என்னா கொறஞ்சிடுவ?" என்றாள் இன்னொருத்தி.

"வரலன்னு உள்ளதச் சொன்னப்போ யாரும் நம்பல. இப்ப வந்துச்சு வரலன்னு எதச் சொல்லி என்னா ஆகப்போவுது? எனக்கு நேரமாச்சு அத்த. எண்ணெய அம்மாகிட்ட குடுங்க, தலைக்கு ஆகும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அன்று சாயங்காலம் என் அம்மா முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "உங்கிட்டயாச்சும் சொன்னாளா? வந்துச்சாமா?"

"நான் கேக்கல."

"நாளைக்குக் கேளு. நாசூக்கா கேளு, உங்கிட்ட சொல்லுவா."

"கேக்கமாட்டேன்மா."

அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் சொல்லி நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. அப்பா மூலையில் காலைக் கழுவிக்கொண்டிருந்தவர், அவரும் பார்த்தார். நான் என் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டேன். அம்மா மறுபடியும் முறத்தில் குனிந்தாள்.

இன்று பயிற்சி வார்டில் என் வேலையே பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதுதான். கடைசியாக எப்போது என்று கேட்கிறேன், திரையை இழுத்துவிட்டு, மெதுவாக, அவர்களுக்கு மருந்து கொடுப்பதற்காக மட்டும். பதில் சொல்லத் தயங்குகிறவளிடம் அவசரமில்லை என்கிறேன். திரைக்கு வெளியே நிற்கும் மாமியார், "என்னா சொன்னா, எப்பவாம்?" என்று என்னைப் பிடித்து இழுத்தால், "அவங்ககிட்ட கேட்டேன், அவங்க எங்கிட்ட சொன்னாங்க, முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறேன்.